நண்டின் பெயர் கொண்ட ஊர்: குர்லாவிலிருந்து புவியைக் கற்றல்

தமிழ்நாட்டில் பலருக்குக் குர்லா முதலில் ஒரு தொடர்வண்டியின் பெயராகவே அறிமுகமாகிறது. கோயம்புத்தூரிலிருந்து புறப்படும் வண்டி சென்று சேரும் நிலையத்துக்கு லோகமான்ய திலகர் முனையம் என்று பெயர் வைத்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. ஆயினும் 'குர்லா எக்ஸ்பிரஸ்' என்ற வழக்கு மறையவில்லை. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் போகவேண்டிய தமிழர்கள் மூட்டை முடிச்சுகளோடு வந்திறங்கும் வாசல் அது. அந்த வாசலுக்கு ஏன் அப்பெயர் வந்தது என்று கேட்போர் குறைவு.

'குர்லி' என்பது அவ்வட்டாரத்தில் நண்டைக் குறிக்கும் சொல். ஊரைச் சூழ்ந்திருந்த சதுப்பில் நண்டுகள் மிகுந்திருந்தமையால் இப்பெயர் வந்தது என்பது அங்கே நெடுங்காலமாக வழங்கிவரும் விளக்கம். செம்பூரின் பெயரையும் 'சிம்போரி' என்னும் பெருநண்டோடு சேர்த்துச் சொல்வார்கள். தமிழ்க் காதுக்குச் செம்பூர் என்பது செம்மையும் ஊரும் சேர்ந்த தமிழ்ப் பெயராகவே ஒலிக்கும். இடப்பெயர் ஆய்வில் இத்தகைய விளக்கங்களை ஐயத்தோடுதான் அணுகவேண்டும். எனினும் இரண்டு ஊர்களின் பெயர்களுக்கு மக்கள் ஒரே உயிரியைக் காரணம் காட்டுவது அங்கே நிலம் எப்படி இருந்தது என்பது பற்றிய நினைவு. சேறும் உவர்நீரும் ஓதமும் கண்டல் மரமும் இல்லாத இடத்தில் நண்டின் பெயரால் ஊர் வழங்கப்படுவதில்லை.

புவியின் இயற்கை அமைப்புகளை அறிமுகப்படுத்தும் பாடங்கள் பெரும்பாலும் நான்கு வட்டங்களோடு தொடங்கும்: பாறைக்கோளம், நீர்க்கோளம், வளிமண்டலம், உயிர்க்கோளம். வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் அம்புக்குறிகள் இருக்கும். மாணவர் அவற்றை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுவார். தன் வீட்டு வாசலில் அந்த நான்கும் சந்திப்பதை அவர் அறியாமலே போகக்கூடும். அந்த வட்டங்களை ஊர்ப்பெயர்களோடு கற்பதற்குக் குர்லாவைவிடப் பொருத்தமான இடம் அரிது.

பாறை

கோயம்புத்தூர் வண்டி புணேயைத் தாண்டி லோனாவாலாவிலிருந்து கர்ஜத்துக்கு இறங்கும் போர் கணவாயில் சன்னலோரப் பயணி ஒன்றைக் காணலாம். எதிரே நிற்கும் மலைகள் படிக்கட்டு வெட்டியதுபோல் அடுக்கடுக்காக இருக்கும். அவை தக்காணத்தின் எரிமலைக் குழம்புப் படிவுகள். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலப்பிளவுகளின் வழியே குழம்பு திரும்பத் திரும்பப் பொங்கிப் பரவி, ஒன்றன்மேல் ஒன்றாக உறைந்தது. இன்றும் சுமார் 5 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை அது மூடியிருக்கிறது. மும்பை நிற்பதும் அக்காலத்து எரிமலைப் பாறையின் மேற்கு ஓரத்தில்தான். அந்தேரியில் குடியிருப்புகளுக்கு நடுவே கில்பர்ட் குன்று என்றொரு கருங்கல் தூண் நிற்கிறது. உருகிய பாறை குளிர்ந்து சுருங்கும்போது பலகோணத் தூண்களாகப் பிளவுபடும் என்ற பாடத்துக்கு நகரின் நடுவிலேயே கண்கூடான சான்று அது.

இப்பாறைக்கு இரண்டு குணங்கள் உண்டு. கட்டடத்துக்கு உகந்த வலிமை ஒன்று. மற்றொன்று, நீரை எளிதில் உள்ளே விடாமை. வெடிப்புகளிலும் சிதைந்த மேலடுக்கிலும் மட்டுமே அது நீரைத் தேக்கும். ஆகவே இத்தகைய நிலத்தில் பெய்யும் பெருமழையின் பெரும்பகுதி மேற்பரப்பிலேயே ஓடிக் கடலைத் தேடும். அந்த ஓட்டத்துக்கு இடம் விடவேண்டும் என்ற கட்டளை பாறையின் இயல்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

நிலத்திலிருந்து மனிதர் எதை எடுத்தனர் என்பதையும் ஊர்ப்பெயர்கள் சொல்லும். குர்லாவை ஒட்டிய சுனாபட்டி என்னும் பெயருக்குச் சுண்ணாம்புக் காளவாய் என்பதே பொருள். சிஞ்ச்போக்ளியில் புளிய மரம் இருக்கிறது. உமர்காடி என்பதில் அத்திமரத்தையும் கழியையும் சேர்த்துக் காண்பார்கள். இன்று அங்கே கழியும் இல்லை, காளவாயும் இல்லை. புதைபடிவம் உயிர் போனபின் அதன் வடிவத்தைக் காப்பதுபோல, இடப்பெயர் நிலம் மாறியபின் அதன் பழைய உருவைக் காத்துவைக்கிறது.

நீர்

19ஆம் நூற்றாண்டின் நடுவில் பம்பாய் கடுமையான குடிநீர்த் தட்டுப்பாட்டில் தவித்தது. கிணறுகளும் குளங்களும் போதவில்லை. சால்செட் தீவின் மலைக்காட்டில் மித்தி ஆற்றின் தலைப்பகுதியை மறித்து விகார் ஏரி கட்டப்பட்டு 1860இல் முடிந்தது. குழாய்வழிக் குடிநீர் அந்நகருக்கு வந்தது அப்போதுதான். அடுத்து 1879இல் துளசி ஏரி வந்தது. 1890களின் தொடக்கத்தில் பவாய் ஏரியும் தொலைவிலிருந்து நீர் கொணரும் தான்சா அணையும் வந்தன. இன்று ஏழு ஏரிகளிலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய 385 கோடி லிட்டர் நீர் மும்பைக்கு வருகிறது. அதில் நகர எல்லைக்குள் இருப்பவை விகாரும் துளசியும் மட்டுமே. மீதி ஐந்தும் தாணே, பால்கர், நாசிக் மாவட்டங்களின் மலைகளைச் சார்ந்தவை. தாராவியில் ஒருவர் குழாயைத் திறக்கும்போது வருவது நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பழங்குடி ஊர்களின் மழையாகவும் இருக்கலாம்.

ஏரிகள் கட்டப்பட்டபின் மித்திக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லத் திருநெல்வேலித் தமிழில் ஒரு பொருத்தமான சொல் இருக்கிறது: மறுகால். குளம் நிறைந்தபின் மிகுநீர் வெளியேறும் வழியை அங்கே மறுகால் என்பர். விகாரும் பவாயும் நிறைந்து பாயும் மறுகால்தான் இன்றைய மித்தி. ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்துக்கால் ஆவது தென்தமிழ்நாட்டின் சங்கிலிக் குளங்களுடைய முறை. மித்திக்குக் கீழே அடுத்த குளம் இல்லை. இருந்தது ஒரு சதுப்பு. மிகுநீரை வாங்கி, பரப்பி, வேகம் குறைத்து, கடல் இறங்கும் நேரத்தில் மெல்ல வெளியேற்றும் வேலையை அச்சதுப்பு செய்துவந்தது.

சுமார் 18 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஆறு பவாய், சாக்கிநாக்கா, குர்லா, காலினா, தாராவி வழியாக மாகிம் கழியில் கடலோடு கலக்கிறது. வழியில் அது சந்தித்த மாற்றங்கள் பல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சயானையும் குர்லாவையும் இணைத்துச் சதுப்பின் குறுக்கே சாலைக்கரை எழுந்தது. 1845இல் மாகிம் கரைச்சாலை வந்தது. 1853இல் இந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி இவ்வழியே தாணேவுக்குச் சென்றது. பின்னர் விமான நிலையத்துக்காக ஆறு செங்குத்தான வளைவுகளில் திருப்பப்பட்டு ஓடுதளத்துக்கு அடியில் செலுத்தப்பட்டது. 1970களுக்குப் பின் பாந்த்ரா-குர்லா வளாகத்துக்காகச் சதுப்பு நிரப்பப்பட்டது. வங்கிகளும் பங்குச்சந்தை நிறுவனங்களும் துணைத் தூதரகங்களும் இன்று அமர்ந்திருப்பது ஆற்றின் பழைய படுகையில்.

'மித்தி' என்ற ஒலியில் இந்தி பேசுவோர் இனிமையைக் கேட்பர். கரையில் வாழ்வோர் நாவில் அது பெரும்பாலும் 'நாலா'. ஆற்றைச் சாக்கடை என்று அழைக்கத் தொடங்கிவிட்டால், அதில் கழிவை விடுவோரின் மனம் உறுத்துவதில்லை. 2005க்கு முன் அது ஓர் ஆறு என்பதையே நகர மக்களில் பலர் அறிந்திருக்கவில்லை.

வளி

தென்மேற்குப் பருவக்காற்றின் இயக்கம் பாடநூலில் எளியது. கோடையில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறுகிறது. அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்த காற்று நிலத்தை நோக்கி வீசுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை தடுக்க, காற்று மேலேறிக் குளிர்ந்து மழையாகிறது. மலையைக் கடந்த காற்றில் ஈரம் குறைந்திருப்பதால் தமிழகத்தின் பெரும்பகுதி மழைமறைவில் அமைந்து, ஐப்பசி கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது.

இந்த இரண்டு மழைக்கும் நடுவிலுள்ள வேறுபாட்டை மும்பைத் தமிழரின் முதல் தலைமுறை உடலாலேயே உணர்ந்திருக்கவேண்டும். தாமிரபரணிக் கரையில் ஆனியும் ஆடியும் மேலைக் காற்றும் சாரலும் வீசும் மாதங்கள். தாராவியில் அதே மாதங்கள் கூரையைப் பிரித்து வீட்டுக்குள் நீரைக் கொண்டுவரும் அடைமழையின் மாதங்கள். ஊரில் அடைமழை ஐப்பசிக்கு உரியது. புலம்பெயர்ந்தோர் மொழியைக் கொண்டுவந்துவிட்டனர். அம்மொழிக்குள் இருந்த நாள்காட்டி புதிய நிலத்தில் பொருந்தவில்லை.

2005 ஜூலை 26, ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பதிவானது. சென்னையில் ஓர் ஆண்டு முழுதும் பெய்யும் சராசரி மழை சுமார் 1,400 மி.மீ. என்பதோடு ஒப்பிட்டால் அதன் கனம் விளங்கும். அதே நாளில் நகரின் தென்கோடியான கொலாபாவில் பெய்தது சுமார் 74 மி.மீ. மட்டுமே. மழையின் பெரும்பகுதி பிற்பகலின் சில மணி நேரங்களில் கொட்டியது. அப்போது கடல் ஏற்றத்தில் இருந்தது.

நான்கு வட்டங்களும் அன்று ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டன. வளிமண்டலம் நீரைக் கொட்டியது. உள்வாங்காத பாறை அதை ஆற்றுக்கு அனுப்பியது. நிலவின் ஈர்ப்பால் உயர்ந்த ஓதம் ஆற்றின் வாயை அடைத்தது. வேகத்தைத் தணித்து நீரைத் தாங்கியிருக்கவேண்டிய சதுப்பின் பெரும்பகுதியில் கட்டடங்கள் இருந்தன. குர்லாவும் காலினாவும் தாராவியின் பகுதிகளும் மூழ்கின. மாநிலம் முழுதும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடுத்த மாதமே மித்திக்கென ஒரு வளர்ச்சி, பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. மாதவராவ் சிதளே தலைமையிலான குழு காரணங்களை ஆராய்ந்தது. ஆறு மீண்டும் ஆறாக அரசாணைகளில் இடம்பெற்றது.

இதே பாடத்தை 2015 டிசம்பரில் சென்னை கற்றது. ஏரியின் மிகுநீர், அடையாற்றின் குறுகிய வழி, நிரப்பப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு என அங்கே பாத்திரங்களின் பெயர் மட்டுமே வேறு.

உயிர்

அலையாத்தி என்னும் தமிழ்ச்சொல்லை ஆய்வோர் சற்று நின்று பார்க்கவேண்டும். அலையை ஆற்றுவது அலையாத்தி. ஆற்றுதல் என்பதற்குத் தணித்தல், சூடு குறைத்தல், அமைதிப்படுத்துதல் என்றெல்லாம் பொருள். பாலை ஆற்றுவதும் அழும் குழந்தையை ஆற்றுவதும் இதே வினைதான். கடலோரக் காட்டின் பணியைப் பெயரிலேயே பொதிந்த சொல் இது. கண்டல் என்ற பழஞ்சொல்லும் நெய்தல் பாடல்களில் பயில்வது. இவ்விரண்டு சொற்களும் தமிழிடம் இருக்க, பாடநூல்கள் பலவற்றில் 'மாங்ரோவ்' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள்.

மும்பையின் கழிகளில் மிகுந்து வளர்வது வெண்கண்டல். காற்றுப் புகாத சேற்றில் வேர்களுக்கு உயிர்வளி கிடைக்காது. ஆகவே அம்மரம் சேற்றுக்கு மேலே எழுதுகோல்போல் நிமிரும் மூச்சுவேர்களை அனுப்புகிறது. உறிஞ்சிய உப்பை இலைகளின் வழியே வெளியேற்றுகிறது. உதிர்ந்த இலைகளை நண்டுகள் வளைக்குள் இழுத்துச் செல்கின்றன. நண்டு தோண்டும் வளைகளின் வழியே நீரும் காற்றும் சேற்றுக்குள் புகுகின்றன. இலை மட்கி மீன்குஞ்சுகளுக்கும் இறாலுக்கும் உணவாகிறது. அந்த மீனை நம்பிக் கோலிகள் வலை வீசுகிறார்கள். தாராவி, மாகிம் எனக் கழியின் கரைகளில் கோலிவாடாக்கள் எழுந்த காரணம் இச்சங்கிலியே. நண்டின் பெயரை ஊருக்கு வைத்தவர்கள் அறிந்தோ அறியாமலோ அச்சங்கிலியின் நடுக்கண்ணியைத் தேர்ந்திருக்கிறார்கள்.

2005 வெள்ளத்துக்குச் சில மாதங்களுக்குப் பின் மும்பை உயர்நீதிமன்றம் மாநிலமெங்கும் கண்டல் காடுகளை அழிக்கத் தடை விதித்தது. 2018 செப்டம்பரில் அளித்த இறுதித் தீர்ப்பில் அத்தடையை உறுதிசெய்தது. தாணேக் கழியில் பூநாரைகளுக்கான காப்பிடம் 2015இல் அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

தாராவியின் ஓரத்தில் மற்றொரு சான்று உண்டு. மாகிம் கழியை ஒட்டி, முன்பு நகரின் குப்பை கொட்டப்பட்ட இடத்தில், மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா 1994இல் திறக்கப்பட்டது. 37 ஏக்கர். குப்பைமேட்டின் மேல் மண் பரப்பி மரம் நட்டார்கள். பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் பிறகு தாமே வந்தன. விதையும் நீரும் காலமும் வாய்த்தால் உயிர்க்கோளம் இழந்த இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. அதற்குத் தேவைப்படுவது வெற்றிடமாக ஒதுக்கப்பட்ட நிலம். மும்பையில் அதுவே எல்லாவற்றிலும் விலை மிகுந்த வளம்.

வளம் என்னும் சொல்

'ரிசோர்ஸ்' என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சு வழியாக இலத்தீனின் 'மீண்டும் எழு' என்னும் வினையிலிருந்து வந்தது. எடுத்தபின் மீண்டும் எழுவது வளம் என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. தமிழின் 'வளம்' செழிப்பையும் பயனையும் ஒருங்கே சுட்டும். இரண்டு சொற்களும் நிலத்தைக் கிடங்காகக் கருதியவை அல்ல. பிற்காலத்துப் பொருளாதார வழக்கில்தான் வளம் என்பது கணக்கெடுத்து எடுத்துச் செல்லும் சரக்காயிற்று.

மீண்டும் எழுதல் என்ற அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டால் வகைப்பாடு தெளிவாகும். மழைநீர் ஆண்டுதோறும் எழும். மீன், இனப்பெருக்கத்துக்கு விட்டுவைத்தால் எழும். பாறை எழக் கோடி ஆண்டுகள் வேண்டும். பிளாஸ்டிக்கை எழுப்பும் சுழற்சி இயற்கையில் கிடையாது. அந்தச் சுழற்சியைத் தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் மனிதர்கள் கையால் நடத்துகிறார்கள். பொறுக்கிய பிளாஸ்டிக்கை நிறம் பிரித்து, உடைத்து, கழுவி, உருக்கி, மணிகளாக்கி மீண்டும் ஆலைக்கு அனுப்புகிறார்கள். குர்லாவின் சி.எஸ்.டி. சாலையில் பழைய ஊர்திகளின் உறுப்புகள் பிரிக்கப்பட்டு மறுவாழ்வு பெறுகின்றன. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த தமிழர் பலர் ஈடுபட்ட தோல் பதனிடும் தொழிலும் இவ்வகையே. பாந்த்ரா இறைச்சிக்கூடத்தின் எச்சம் தாராவியில் பொருளாயிற்று. 1971இல் இறைச்சிக்கூடம் தேவனாருக்குப் பெயர்ந்தது. கும்பார்வாடாவில் சௌராஷ்டிரக் குயவர்கள் இன்றும் மண்ணைச் சுடுகிறார்கள். புகையும் நச்சும் குறைந்த கூலியும் இச்சுழற்சியின் விலை. அதைச் செலுத்துவோர் நகரத்தின் கணக்கேட்டில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

இங்கே தொல்காப்பியத்தின் பொருளிலக்கணம் ஒரு கருவியாக உதவும். நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றில் தோன்றுவன கருப்பொருள். அப்பட்டியலில் விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு உணவும் பறையும் யாழும் தொழிலும் ஒரே வரிசையில் இடம்பெறுகின்றன. மனிதரின் உழைப்பு நிலத்துக்கு வெளியே நின்று அதைப் 'பாதிக்கும்' அயற்பொருளாகக் கருதப்படவில்லை. மீன்பிடித்தலும் உப்பு விளைவித்தலும் நெய்தலின் பகுதிகள், கண்டலும் நாரையும் அதன் பகுதிகளாக இருப்பதுபோலவே. இலக்கிய மரபை அறிவியல் என்று உயர்த்திச் சொல்லவேண்டியதில்லை. ஒரு நிலத்தை அறிமுகப்படுத்தும்போது யாரையெல்லாம் பட்டியலில் சேர்க்கிறோம் என்ற கேள்வியை அது கற்றுத்தருகிறது என்பதே போதும்.

ஒரே செயல், இரண்டு பெயர்கள்

மும்பையில் 'ரெக்ளமேஷன்' என்பது பேருந்து நடத்துநரும் ஆட்டோ ஓட்டுநரும் சொல்லும் இடப்பெயர். பாந்த்ரா ரெக்ளமேஷன், பேக்பே ரெக்ளமேஷன். சொல்லுக்குப் பொருள் மீட்டெடுத்தல். கடலிடம் ஒருபோதும் இழக்காத நிலத்தை எப்படி மீட்பது என்று எவரும் கேட்பதில்லை. ஏழு தீவுகளை இணைத்து எழுந்த நகரத்தின் வரலாறே நிரப்புதலின் வரலாறு. அதே சதுப்பின் மற்றோர் ஓரத்தில், குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டி, கூலித் தொழிலாளி ஒருவர் பத்தடிக்குப் பத்தடி நிலத்தை உயர்த்திக் குடிசை போட்டால் அதற்கு வேறு சொல் இருக்கிறது: ஆக்கிரமிப்பு. மண் ஒன்று, நீர் ஒன்று, செயல் ஒன்று. பரப்பளவும் பத்திரமும் மட்டுமே வேறு. முதலாவது நாட்டின் வளர்ச்சிக் கணக்கிலும், இரண்டாவது வெள்ளத்துக்கான காரணங்களின் பட்டியலிலும் எழுதப்படுகிறது. குடிசைகள் ஆற்றின் வழியைக் குறுக்கவில்லை என்று சொல்லமுடியாது. குறுக்கியவை குடிசைகள் மட்டும்தான் என்று சொல்வது பொய்.

இச்சொற்கள் யாரை எங்கே அனுப்புகின்றன என்பதற்கு மாகுல் சான்று. தான்சா குடிநீர்க் குழாயின் பாதுகாப்புக்காக அதன் இருபுறமும் இருந்த குடியிருப்புகளை அகற்ற நீதிமன்ற ஆணை வந்தது. அகற்றப்பட்டோரில் ஆயிரக்கணக்கானோர் செம்பூரை அடுத்த மாகுலின் அடுக்ககங்களுக்கு அனுப்பப்பட்டனர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் சூழ்ந்த இடம் அது. அங்குள்ள காற்று உடல்நலத்துக்குத் தீங்கானது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இலேயே கண்டிருந்தது. அங்கே வாழ மறுத்தோர் ஆண்டுக்கணக்கில் போராடினர். 2019இல் மும்பை உயர்நீதிமன்றம் அவர்களுக்கு வாடகைத் தொகை வழங்குமாறு ஆணையிட்டது. நகரத்தின் நீரைக் காப்பதற்காகச் சிலர் தங்கள் மூச்சைக் கொடுக்கவேண்டியிருந்தது. சென்னையிலும் ஆற்றங்கரை மக்களைப் பெரும்பாக்கத்துக்கு, அதாவது மற்றொரு சதுப்பின் ஓரத்துக்கு, அனுப்பிய வரலாறு உண்டு.

இன்று தாராவியின் மறுசீரமைப்பு அதே கேள்வியைப் பேரளவில் எழுப்புகிறது. தாராவிக்குள் வீடு பெறத் தகுதியற்றவர்கள் எனக் கணக்கிடப்படுவோருக்காக வேறு இடங்கள் தேடப்படுகின்றன. 2024இல் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்டு பகுதிகளில் 255.9 ஏக்கர் உப்பள நிலம் இதற்கென ஒதுக்க அனுமதிக்கப்பட்டது. தேவனார் குப்பைமேட்டின் ஒரு பகுதியும் பட்டியலில் சேர்ந்தது. குர்லா நேரு நகரில் மதர் டெய்ரி இருந்த சுமார் 21 ஏக்கர் நிலமும் அதே ஆண்டு ஒதுக்கப்பட்டது. அதைத் தாவரப் பூங்காவாகக் காக்கவேண்டும் என்று குர்லா மக்கள் போராடினர். வீடு கேட்கும் ஏழையும் மரம் கேட்கும் ஏழையும் எதிரெதிரே நிறுத்தப்படும் சூழல் இது. இருவரும் ஒரே மழையில் நனைகிறவர்கள், ஒரே ஆற்றின் வெள்ளத்துக்கு அஞ்சுகிறவர்கள்.

உப்பளம் வெற்றுநிலம் என்று கோப்புகளில் குறிக்கப்படலாம். நிலப் பதிவேட்டின் மொழியில் கட்டடம் இல்லாத இடம் பயனற்ற இடம். புவியின் மொழியில் அது பெருமழை நாளில் நீர் தங்கும் முற்றம். இரண்டு மொழிகளுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் இல்லாத குறையைத்தான் 2005 காட்டியது. விமான நிலையத்தை ஒட்டிய குர்லா கிராந்தி நகரில், மித்தியின் நீர்மட்டம் உயரும் ஒவ்வொரு முறையும் மக்கள் பள்ளிக்கூடங்களுக்கு மாற்றப்படுகிறார்கள். 2025 ஆகஸ்ட் மழையிலும் மாற்றப்பட்டார்கள். ஆற்றின் அளவுகோலில் எந்த எண் வந்தால் பாயைச் சுருட்டவேண்டும் என்பது அங்குள்ள சிறுவர்களுக்குத் தெரியும். நீரியலை அவர்கள் எந்தப் பாடநூலிலும் கற்கவில்லை.

மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது. புவியியல், சுற்றுச்சூழலியல், மொழியியல் பயிலும் மாணவர்கள் ஒரு பருவத்தில் செய்து முடிக்கக்கூடிய பணி ஒன்று அப்பள்ளிகளின் வாசலில் காத்திருக்கிறது. விகாரிலிருந்து மாகிம் வரை மித்தியோடு நடந்து, ஒவ்வோர் இடத்துக்கும் மராத்தி, கோலி, உருது, தமிழ் பேசுவோர் வழங்கும் பெயர்களைத் தொகுக்கலாம். நீர் எதுவரை ஏறியது என்பதற்கு வீட்டுச் சுவர்களில் உள்ள குறிகளை அளந்து அப்பெயர்களின் பக்கத்தில் எழுதலாம். கழி, ஓதம், மறுகால், அலையாத்தி ஆகிய சொற்களைக் கொண்டு ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்குப் புரியும் ஒரு பாடத்தை அந்தத் தரவுகளிலிருந்து அமைக்கலாம். அக்குழந்தை தன் ஊரின் பெயரில் இருக்கும் நண்டிலிருந்து தொடங்கி, பாறை, நீர், வளி, உயிர் ஆகிய நான்கு வட்டங்களையும் வரைந்து, அவற்றின் நடுவே தன் வீட்டையும் குறிக்கட்டும். திட்ட வரைபடங்களில் அந்த வீடு விடுபட்டிருந்தால், ஏன் என்று கேட்பதற்கு வேண்டிய சொற்கள் அப்போது அதனிடம் இருக்கும்.